ஆம்புலன்ஸில் வருபவர்கள் எப்படிப் படிக்கிறார்கள்?

இந்த மாதம் அறிவியல் பக்கம் என் கையில் வந்திருக்கிறது. இரண்டு சார்ட் ஒட்டியும் இடம் பத்தவில்லை. கடைசியில் எழுத்து எறும்பு மாதிரி ஆகியிருக்கும், பொறுத்துக்கொள்ளவும். படங்கள் வரைந்து கொடுத்தது எங்கள் வகுப்புத் தோழிகள்.

முதலில் ஒரு விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். போன வருஷம் ஜே.ஆர்.சி. முதலுதவித் தேர்வில் நான் 50-க்கு 48. சான்றிதழை எங்கள் வீட்டு டி.வி. மேல் வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை சாயங்காலம், டியூஷன் முடிந்து பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர், அப்பா வயசு இருக்கும், அப்படியே முன்னால் சரிந்து விழுந்தார். டம்ளர் உருண்டது. எல்லாரும் ஓடினார்கள். ஒருத்தர் சோடா உடைத்து வாயில் ஊற்றப் பார்த்தார். இன்னொருத்தர் வலிப்பு என்று நினைத்து வண்டிச் சாவியைக் கையில் திணித்தார். "காத்து விடுங்கப்பா, காத்து விடுங்க" என்று கத்தினவரே தலைமாட்டில் குனிந்து நின்றார். விழுந்தவர் வாய் மீன் மாதிரி மெதுவாகத் திறந்து மூடியது. "மூச்சு இருக்கு, பயப்படாதீங்க" என்றார் கடைக்காரர்.

நான் என்ன செய்தேன்? பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். "நினைவு இருக்கிறதா எனப் பார்க்க வேண்டும், நாடி பார்க்க வேண்டும்" என்று நான் எழுதிய விடை வரிவரியாக மனசில் ஓடியது. கால் நகரவில்லை. யாரோ 108-க்குப் போன் செய்தார்கள். ஏறக்குறைய 12 நிமிஷத்தில் வண்டி வந்தது. இறங்கிய அண்ணனுக்கு 25 வயசுக்குள்தான் இருக்கும். முழங்காலிட்டு, தோளைத் தட்டி, இரண்டு விரலைக் கழுத்தில் வைத்து, பத்து எண்ணுவதற்குள் நெஞ்சை அழுத்த ஆரம்பித்துவிட்டார். அந்தக் கூச்சலில் அவர் யாரையும் பார்க்கவில்லை. விழுந்தவர் பிழைக்கவில்லை என்று திங்கட்கிழமை தெரிந்தது.

அந்த 12 நிமிஷம்தான் எனக்கு ரொம்ப நாள் உறுத்தியது. அந்த அண்ணனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவரும் இதே விடையைத்தானே படித்திருப்பார்?

இதைக் கேட்கச் சரியான ஆள் எங்கள் வீட்டிலேயே இருந்தாள். என் பெரியம்மா மகள் அவசர மருத்துவ உதவியாளர் படிப்பில் இரண்டாம் வருஷம். அரையாண்டு லீவில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது மூன்று நாள் அவளை விடாமல் தொந்தரவு செய்து வாங்கிய தகவல்கள்தான் இந்தக் கட்டுரை. மீதி, நூலகப் புத்தகங்களிலும் அக்காவின் நோட்டிலும் படித்தது.

மீன் வாய்

நான் சொன்னதைக் கேட்டதும் அக்கா முதலில் கேட்டது, "வாய் திறந்து திறந்து மூடுச்சா?" என்றுதான். அது மூச்சு இல்லையாம். இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் மூளையின் அடிப்பகுதியில் மிச்சமிருக்கும் உயிர், உடம்பை அப்படி இழுக்க வைக்கிறது. பார்க்கிறவர்கள் "மூச்சு இருக்கு" என்று நம்பிச் சும்மா நின்றுவிடுகிறார்கள். ரத்தம் ஓடாமல் நின்றால் 4 முதல் 6 நிமிடத்துக்குள் மூளைச் செல்கள் கெட ஆரம்பிக்கும். யாரும் நெஞ்சை அழுத்தாவிட்டால், ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைந்துகொண்டே போகும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். 12-ஐ 10-ஆல் பெருக்கிப் பார்த்தேன். அதற்கு மேல் கணக்குப் போட மனசு வரவில்லை.

"இதெல்லாம் எங்க முதல் வார கிளாஸ்ல போர்டுல எழுதிப் போட்டாங்க. நானும் எழுதிக்கிட்டேன். ஆனா பொம்மை முன்னாடி முட்டி போட்டதும் எனக்கும் உன்னை மாதிரிதான் கை வரல" என்றாள் அக்கா. எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

நாலு தடவை

அவர்கள் வகுப்பில் ஒரு செய்முறையை நாலு படியாகக் கற்றுத் தருகிறார்கள். பெய்ட்டன் என்ற அறுவை மருத்துவர் 1998-ல் எழுதிய முறை இது. முதல் தடவை ஆசிரியர் ஒரு வார்த்தை பேசாமல், உண்மையில் எவ்வளவு வேகத்தில் செய்ய வேண்டுமோ அதே வேகத்தில் செய்து காட்டுவார். இரண்டாவது, நிறுத்தி நிறுத்தி, ஏன் எதற்கு என்று விளக்கிக்கொண்டே செய்வார். மூன்றாவதுதான் வேடிக்கை. மாணவர் சொல்லச் சொல்ல ஆசிரியர் செய்வார். மாணவர் தப்பாகச் சொன்னாலும் அப்படியே செய்வார்! "முகமூடியை வையுங்க சார்" என்று மட்டும் அக்கா சொல்ல, சார் அதைத் தலைகீழாக வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றாராம். நாலாவது தடவை மாணவரே சொல்லிக்கொண்டு செய்ய வேண்டும்.

நம் வேதியியல் ஆய்வகத்தில் சார் செய்து காட்டுவதைச் சுற்றி நின்று பார்த்துவிட்டு ரெக்கார்டில் எழுதுகிறோமே, அது இரண்டாம் படியோடு நின்றுவிடுகிறது. (சார் கோபித்துக்கொள்ள வேண்டாம். 60 பேருக்கு எத்தனை பிப்பெட் இருக்கிறது என்று எனக்கும் தெரியும்.)

பொம்மை சொல்லும் 'டக்'

பெரியவர்களுக்கு நெஞ்சை எப்படி அழுத்த வேண்டும்? நடு நெஞ்சு எலும்பின் கீழ்ப்பாதியில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதி. அதன் மேல் மற்ற கை. முழங்கை மடங்கக் கூடாது. தோள்பட்டை நேராகக் கைக்கு மேலே வர வேண்டும். ஆழம் 5 செ.மீ.க்குக் குறையக் கூடாது, 6 செ.மீ.க்கு மேல் போகவும் கூடாது. வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. முப்பது அழுத்தம், இரண்டு மூச்சு, திரும்ப முப்பது. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். (படம் 1 பார்க்கவும். படத்தில் கை கொஞ்சம் பெரிசாகிவிட்டது.)

இவ்வளவும் மூன்று நிமிடத்தில் மனப்பாடம் ஆகிவிடும். ஆனால் 5 செ.மீ. எவ்வளவு என்று கைக்கு எப்படித் தெரியும்? ஸ்கேலை நெஞ்சுக்குள் விட முடியுமா? அதற்குத்தான் பொம்மை. உள்ளே ஸ்பிரிங் இருக்கிறது. போதுமான ஆழம் போனால் 'டக்' என்று சத்தம் வரும். சில பொம்மைகளில் விளக்கு எரியும். புதிய வகைகளில் வேகம், ஆழம் எல்லாம் திரையில் கோடாக ஓடும்.

முதல் நாள் அக்கா குழுவில் பாதிப்பேருக்கு 'டக்' வரவே இல்லையாம். வந்தவர்களுக்கும் வேறொரு தப்பு. அழுத்திய பிறகு கையை முழுசாகத் தளர்த்தவில்லை. சோர்வில் பொம்மை மேல் சாய்ந்துவிடுகிறார்கள். நெஞ்சு முழுசாக மேலே வந்தால்தான் இதயத்துக்குள் அடுத்த தடவைக்கான ரத்தம் வந்து நிறையும். சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம்பைப் பாதி இழுத்து பாதி அடித்தால் டியூப் நிறையுமா? அது மாதிரிதான். இந்தத் தப்பு செய்கிறவர்களுக்குத் தெரியாது, பக்கத்தில் நிற்கிறவர்களுக்குத்தான் தெரியும். அதனால் ஒருவர் அழுத்த, இன்னொருவர் பார்த்துக்கொண்டே "விடு, முழுசா விடு" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவர்கள் வகுப்பு விதி.

இந்தப் பொம்மைக்கு ஒரு கதை உண்டு. நார்வே நாட்டின் ஸ்டாவாங்கர் ஊரில் ஆஸ்முண்ட் லேர்டால் என்பவர் குழந்தைகளுக்குப் பிளாஸ்டிக் பொம்மைகளும் கார்களும் செய்துவந்தார். அவருடைய சின்ன மகன் ஒருமுறை தண்ணீரில் மூழ்கிவிட, அவரே தூக்கித் தண்ணீரை வெளியேற்றிப் பிழைக்க வைத்தார். பிறகு மருத்துவர்கள் அவரிடம், வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுப்பதைப் பழக ஆளுயர பொம்மை வேண்டும் என்று கேட்டபோது உடனே ஒப்புக்கொண்டார். 1960-ல் அது வந்தது. பெயர் 'ரிசசி ஆன்'. அதே 1960-ல்தான் அமெரிக்காவில் கவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் என்ற மூவர், நெஞ்சைத் திறக்காமல் வெளியிலிருந்து அழுத்தியே ரத்தத்தை ஓட்ட முடியும் என்று கட்டுரை வெளியிட்டார்கள். (இதில் கவன்ஹோவன் மருத்துவரே இல்லை, மின் பொறியாளர்!) அதனால் பொம்மையின் நெஞ்சுக்குள் ஸ்பிரிங்கும் வந்து சேர்ந்தது.

பொம்மைக்கு ஏன் பெண் முகம்? ஆண் பொம்மையின் வாயில் வாய் வைக்க ஆண்கள் கூச்சப்படுவார்கள் என்று லேர்டால் நினைத்தாராம். உறவினர் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த ஒரு முகமூடியின் சாயலில் முகத்தைச் செய்தார். பாரிஸில் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சேன் நதியில் மிதந்து வந்த, பெயர் தெரியாத ஒரு இளம்பெண்ணின் முகத்திலிருந்து எடுத்த அச்சு அது என்று சொல்வார்கள். அந்தக் கதை முழுக்க உண்மையா என்பதில் சந்தேகம் உண்டு. ஆனால் அந்த முகம்தான் உலகம் பூராவும் வகுப்பறைத் தரைகளில் மல்லாந்து படுத்திருக்கிறது.

கழுத்து, ஊசி, பிரசவம்

நெஞ்சு அழுத்துவது மட்டும் இல்லை. 'ஆம்பு' பையை (டென்மார்க்கில் 1956-ல் வந்தது) ஒரு கையால் முகமூடியோடு முகத்தில் ஒட்டிப் பிடித்து மறு கையால் அமுக்க வேண்டும். பார்க்க பலூன் மாதிரி சுலபமாக இருக்கும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் முகமூடியை அழுத்த, மீதி மூன்று விரலும் தாடை எலும்பைத் தூக்க வேண்டும். கொஞ்சம் தளர்ந்தால் காற்று கன்னம் வழியாகப் போய்விடும். வேகமாக அமுக்கினாலோ, காற்று வயிற்றுக்குள் போய் வாந்தி வரும். பயத்தில் எல்லாரும் வேகமாகத்தான் அமுக்குவார்கள். "பொம்மை நெஞ்சு லேசா எழும்பினா போதும், பையைப் பிழியாதே" என்று அக்காவுக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பார்களாம்.

ரத்தக்குழாயில் ஊசி போடப் பழக ரப்பர் கை இருக்கிறது. தோலுக்குள் ஓடும் குழாயில் சிவப்புத் தண்ணீர். சரியாகப் போனால் ஊசியின் பின்பக்கம் சிவப்பு எட்டிப் பார்க்கும். ஊசியின் நிறத்தை வைத்தே அளவு தெரியும்: பச்சை 18, ரோஸ் 20, நீலம் 22. எண் பெரிசானால் ஊசி மெலிசு. (நமக்குத் தலைகீழாகத் தோன்றும், எனக்கும் தோன்றியது.)

விபத்தில் சிக்கியவரைத் திருப்புவதற்கு நாலு பேர் வேண்டும். தலையைப் பிடித்திருப்பவர்தான் தலைவர். அவர் "ஒன்னு, ரெண்டு, மூணு" சொன்னால்தான் மற்ற மூவரும் உடம்பை ஒரே மரக்கட்டை மாதிரி உருட்ட வேண்டும். கழுத்து எலும்பு ஒடிந்திருந்தால் நம் ஊரில் கையைக் காலைப் பிடித்து ஆட்டோவில் தூக்கிப் போடுகிறோமே, அந்த ஒரு தூக்கலில் தண்டுவடம் கெட்டு ஆயுசுக்கும் கால் வராமல் போகலாம். இந்தப் பாடத்துக்கு மாணவர்களே நோயாளியாகப் படுக்கிறார்கள். அக்கா படுத்தபோது தலையைப் பிடித்தவர் எண்ணாமலே இழுத்துவிட, இரண்டு நாள் கழுத்து வலி. "அப்பதான் அந்த மூணு எண்ணிக்கை எதுக்குன்னு புரிஞ்சுது" என்றாள்.

பிரசவத்துக்கும் பொம்மை உண்டு. ஓடுகிற வண்டியில் குழந்தை பிறப்பது 108-ல் புதுசு இல்லை. குழந்தையை இழுக்கக் கூடாது, தாங்க வேண்டும். பிறந்ததும் முதல் வேலை துடைத்து உலர்த்தித் தாயின் நெஞ்சில் போட்டுப் போர்த்துவது. பொம்மைக் குழந்தைக்கு வேண்டுமென்றே எண்ணெய் தடவிக் கொடுப்பார்களாம். முதல் நாள் வகுப்பில் மூன்று குழந்தைகள் கீழே விழுந்தன!

"நீயும் செத்துட்டே"

தனித்தனியாகக் கை பழகிய பிறகுதான் நிஜமான சோதனை. மைதானத்தில் ஒருவர் விழுந்து கிடப்பார். சட்டையெல்லாம் சிவப்புச் சாயம். சுற்றிலும் சீனியர்கள் சொந்தக்காரர்களாக நடிப்பார்கள். ஒருத்தர் அழுவார், ஒருத்தர் போனில் படம் எடுப்பார், ஒருத்தர் "ஏன் லேட்டு?" என்று சட்டையைப் பிடிப்பார். ஆசிரியர் கையில் ஸ்டாப் வாட்ச்.

அக்காவுக்கு வந்த முதல் சோதனை: மோட்டார் கொட்டகைப் பக்கம் ஒருவர் விழுந்து கிடக்கிறார். ஓடிப்போய்த் தோளைத் தட்டினாள். விசில் ஊதிய சார் சொன்னது ஒரே வாக்கியம்: "நீயும் செத்துட்டே." விழுந்தவர் கையில் மின்சார ஒயர் இருந்தது. இடம் பாதுகாப்பானதா என்று பார்ப்பது முதல் படி. அதை அக்கா எழுத்துத் தேர்வில் சரியாக எழுதியவள்தான். ஆள் விழுந்து கிடப்பதைப் பார்த்ததும் கால் முந்திக்கொண்டது. எனக்குக் கால் நகரவில்லை, அவளுக்குக் கால் நிற்கவில்லை.

சோதனை முடிந்ததும் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். யாரையும் திட்டக் கூடாது. செய்தவரே முதலில் தான் என்ன செய்தோம் என்று சொல்ல வேண்டும். அக்கா அன்று அழுதுவிட்டாள். அடுத்த வாரம் திரும்ப அதே கொட்டகை, அதே ஒயர். இந்தத் தடவை பத்தடி தள்ளியே நின்று, "மெயினை ஆஃப் பண்ணுங்க!" என்று கத்தினாளாம். அதைச் சொல்லும்போது எங்கள் வீட்டுக் கூடத்திலேயே நின்று கத்திக் காட்டினாள். பாட்டி எழுந்து வந்துவிட்டார்.

இந்தப் படிப்பு எங்கே தொடங்கியது?

அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் என்று ஒரு இரும்பாலை நகரம். 1960-களில் அங்கே யாராவது மயங்கி விழுந்தால் போலீஸ் வேன் வரும். நோயாளியைப் பின்னால் படுக்க வைத்துவிட்டு இரண்டு போலீஸ்காரரும் முன்னால் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போவார்கள். வழியில் மூச்சு நின்றாலும் பார்க்க ஆள் இல்லை. கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹில் பகுதிக்கு அந்த வேனும் சரியாக வராது.

அந்த ஊரில் பீட்டர் சஃபார் என்ற மயக்கவியல் மருத்துவர் இருந்தார். வாயோடு வாய் மூச்சு வேலை செய்கிறது என்பதை 1950-களிலேயே சோதித்துக் காட்டியவர். அதற்காகத் தாமாக முன்வந்தவர்களுக்கு மருந்து கொடுத்து மூச்சை நிறுத்தி, சாதாரண ஆட்களை விட்டு மூச்சு கொடுக்க வைத்தார்! 1966-ல் அவருடைய மகள் எலிசபெத் ஆஸ்துமாவில் இறந்துபோனாள். மறு வருஷம், 1967-ல், 'ஃப்ரீடம் ஹவுஸ்' என்ற அமைப்போடு சேர்ந்து ஹில் பகுதியின் வேலையில்லாத இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து 300 மணி நேரப் பயிற்சி கொடுத்தார். சிலர் பள்ளிக்கூடமே முடிக்காதவர்கள். ஊரில் பலர் இவர்களால் ஒன்றும் ஆகாது என்றுதான் நினைத்தார்கள். அவர்களை நேராக ஆஸ்பத்திரிக்குள் அழைத்துப்போய், அறுவை அரங்கில் மருத்துவர் பக்கத்தில் நிற்க வைத்து மூச்சுக்குழாயைத் திறந்து வைக்கப் பழக்கினார்கள். 1968-ல் வண்டிகள் ஓடத் தொடங்கின.

1974-ல் நான்சி கரோலைன் என்ற இளம் மருத்துவர் அவர்களுக்கு மருத்துவ இயக்குநராக வந்தார். அவரும் கூடவே வண்டியில் ஏறிப் போனார். ஒவ்வொரு அழைப்பையும் பற்றி அவர்களோடு உட்கார்ந்து பேசினார். அமெரிக்கா முழுவதற்குமான பாராமெடிக் பாடத்திட்டத்தை அவர் எழுதியது இந்த அனுபவத்தை வைத்துத்தான். ஆனால் 1975 அக்டோபரில் நகர நிர்வாகம் சேவையைத் தானே எடுத்துக்கொண்டது. ஃப்ரீடம் ஹவுஸ் மூடப்பட்டது. அந்த முதல் ஆட்களில் பலர் புதிய சேவையிலிருந்து வெளியே தள்ளப்பட்டார்கள். உலகத்துக்கே பாடம் ஆனவர்களுக்கு வேலை இல்லை! இதை வாசித்தபோது எனக்கு ரொம்பக் கோபம் வந்தது.

தமிழ்நாட்டில் 108 சேவை தொடங்கியது 2008 செப்டம்பர் 15. அதற்கு முன்னால் ஆம்புலன்ஸ் என்றால் பெரும்பாலும் ஒரு ஸ்ட்ரெச்சரும் ஒரு டிரைவரும்தான் என்று அப்பா சொல்கிறார். இப்போது வண்டி ஓட்டுபவருக்குப் 'பைலட்' என்று பெயர், பின்னால் நோயாளியோடு மருத்துவ உதவியாளர் இருக்கிறார்.

நிஜ மனுஷர்

பொம்மைக்குப் பிறகு ஆஸ்பத்திரி. அவசரப் பிரிவு, பிரசவ வார்டு, அறுவை அரங்கு என்று முறை போட்டு அனுப்புகிறார்கள். அதன் பிறகுதான் சீனியரோடு வண்டி. அக்கா முதன்முதலாக ஒரு நிஜ மனுஷரின் நெஞ்சை அழுத்தியது அவசரப் பிரிவில். 'டக்' சத்தத்துக்குப் பதிலாக வேறு சத்தம் கேட்டது. விலா எலும்பு. வயசானவர்களுக்கு அப்படி ஆவது உண்டு, நிறுத்தக் கூடாது என்று பாடத்தில் இருக்கிறது. ஆனாலும் ஒரு விநாடி கை நின்றுவிட்டதாம். பக்கத்தில் இருந்த ஸ்டாஃப் நர்ஸ், "நிறுத்தாதேம்மா, எண்ணு" என்றார். அக்கா சத்தமாக எண்ண ஆரம்பித்தாள். கை தானாக வந்துவிட்டது. அவர் பிழைத்தாரா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

ஒரு தடவை பழகிவிட்டால் ஆயுசுக்கும் வரும் என்றும் இல்லை. சில மாதம் செய்யாமல் விட்டாலே ஆழமும் வேகமும் தப்ப ஆரம்பித்துவிடும். அதனால் வேலைக்குப் போன பிறகும் திரும்பத் திரும்பப் பொம்மைக்கு முன்னால் முட்டி போட வேண்டும்.

ஊருக்குக் கிளம்பும் முன், "வாடி, உன் 48 மார்க்கைப் பார்ப்போம்" என்று கூடத்தில் ஒரு கெட்டித் தலையணையைப் போட்டாள். இரண்டு நிமிஷம் அழுத்த வேண்டும். கடிகாரத்தை வைத்து அக்கா மேஜையில் தாளம் தட்டினாள். நாற்பது விநாடியில் முழங்கை மடங்க ஆரம்பித்தது. ஒரு நிமிஷத்தில் மூச்சு வாங்கியது. ஒன்றரை நிமிஷத்தில் "விடு, முழுசா விடு" என்று அக்கா கத்தினாள். இரண்டு நிமிஷம் முடிந்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். டீக்கடை முன்னால் அந்த அண்ணன் எத்தனை இரண்டு நிமிஷம் செய்தார் என்று அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். இப்போது தினமும் சாயங்காலம் தலையணைதான். பஞ்சு ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டது, அம்மா தனியாக ஒரு பழைய தலையணை கொடுத்திருக்கிறார்.

தலையணை 'டக்' சொல்லாது. அதனால் நம் பள்ளிக்கு ஒருநாள் பயிற்சிப் பொம்மையை வரவழைக்க முடியுமா என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டிருக்கிறோம். ஜே.ஆர்.சி. சார் விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். பழக விரும்புகிறவர்கள் 11-'ஆ' வகுப்புக் கதவில் தொங்கும் தாளில் பெயர், வகுப்பு எழுதவும். நேற்று மாலை வரை 23 பேர். ஆசிரியர்கள் பகுதி இன்னும் காலியாக இருக்கிறது.

— 11-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி